தழும்பு ஆறிய பிறகும் எரிகிற கை

ஒரு வன்கொடுமை நடந்தால் நாம் என்னென்ன எழுதி வைத்துக்கொள்கிறோம்? முதல் தகவல் அறிக்கையின் எண், போட்ட பிரிவுகள், போடாமல் விட்ட பிரிவுகள், காயச் சான்றிதழ், எத்தனை தையல், எந்த எலும்பு முறிவு, எத்தனை வீடு எரிந்தது, எத்தனை ஆடு செத்தது. உண்மை அறியும் குழுவாகப் போகும்போது கையில் ஒரு படிவமே வைத்திருக்கிறோம். அந்தப் படிவத்தில் வலிக்கு ஒரு கட்டம் கிடையாது. காயத்துக்கு உண்டு, ஊனத்துக்கு உண்டு, வலிக்கு இல்லை. இத்தனை வருடம் இயக்க வேலை பார்த்த நாமே அந்தக் கட்டத்தைப் போடவில்லை என்பதை ஒரு தம்பியின் கை நமக்குச் சொல்லிக்கொடுத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தென் மாவட்டம் ஒன்றில், திருவிழா முடிந்த மறுநாள் காலனிக்குள் புகுந்தார்கள். கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த அந்தத் தம்பி, தலையைக் காத்துக்கொள்ளக் கையைத் தூக்கினான். அரிவாள் முழங்கைக்குக் கீழே, சுண்டுவிரல் பக்கமாக இறங்கியது. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அறுந்த தசைநாரையும் நரம்பையும் தைத்தார்கள். கை பிழைத்தது. இரண்டு மாதத்தில் தையல் பிரித்து, தழும்பும் ஆறிவிட்டது. மருத்துவர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். அதில் நமக்குக் குறை இல்லை.

குறை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. "அண்ணே, சுண்டுவிரல்ல தீக்கங்க வச்சுக் கட்டுன மாதிரி இருக்குண்ணே. பஸ்ஸு ஜன்னல் காத்து பட்டாக்கூட உசுரு போகுது" என்றான். முழுக்கைச் சட்டை போட முடியாது. போர்வை உரசினால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு அவன் அம்மா நமக்குப் போன் செய்வார். "தம்பி, புள்ள கைய ஈரத்துணியில சுத்திக்கிட்டு திண்ணையிலயே உக்காந்திருக்கான். என்ன செய்யட்டும்?" நமக்கும் என்ன சொல்வதென்று தெரியாது.

வெளி நோயாளிகள் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். வரிசையில் இரண்டு மணி நேரம், மருத்துவர் முன்னால் இரண்டு நிமிடம். டைக்ளோஃபெனாக் ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை. அடுத்த மாதமும் அதே. மூன்றாவது தடவை போனபோது அங்கே இருந்த மருத்துவர் தழும்பை அழுத்திப் பார்த்தார். அவன் அலறினான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது: "என்னப்பா, இந்த வயசுல. உங்க ஆளுங்கல்லாம் உழைச்சு முறுக்கேறுன உடம்பு, இதெல்லாம் தாங்கும்." கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நாம் நினைக்கவில்லை. பாராட்டாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறோம். அதுதான் இதிலுள்ள ஆபத்து.

"உங்களுக்குத் தாங்கும்"

இந்த ஒரு சொல்லை எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மலக்குழியில் இறங்குகிறவருக்கு நாற்றம் தாங்கும். செங்கல் சூளையில் சுமக்கிறவருக்குச் சூடு தாங்கும். நாற்று நடுகிற அம்மாவுக்கு இடுப்பு தாங்கும். பிரசவ வார்டில் கத்தினால், "எல்லாம் தாங்கும், சும்மா இரு" என்று தொடையில் ஒரு அடி. உடல் உழைப்பை ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்த சமூகம், அந்த உழைப்பு தருகிற வலி அந்த உடலுக்கு உறைக்காது என்றும் நம்பியாக வேண்டும். நம்பாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவின் அலபாமாவில் 1845 முதல் 1849 வரை மாரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்களின் உடலில் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை செய்து பழகினார், மயக்க மருந்து கொடுக்காமல். அனார்கா, லூசி, பெட்சி என்று மூன்று பேரின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1846இல் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்தை ஊரறியக் காட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பெண்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. அவருக்கு நியூயார்க் நகரத்தில் சிலை வைத்தார்கள். 2018இல்தான் அதை எடுத்தார்கள்.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் ஓர் ஆய்வு நடந்தது. கறுப்பின மக்களின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், பொருத்தமில்லாத சிகிச்சையைப் பரிந்துரைத்தார்கள். அங்கே தோல் என்று சொன்னார்கள். இங்கே உழைச்ச உடம்பு என்று சொல்கிறார்கள். பொய் ஒன்றுதான்.

வலியை அளக்கக் கருவி கிடையாது. சர்க்கரையை அளக்கலாம், ரத்த அழுத்தத்தை அளக்கலாம். வலியை, அனுபவிக்கிறவர் சொல்ல, கேட்கிறவர் நம்ப வேண்டும். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியது. நம்புவதில்தான் எல்லாம் இருக்கிறது. காவல் நிலையத்தில் யார் சொல் ஏறும், யார் சொல் ஏறாது என்று நமக்குத் தெரியும். மருத்துவமனையிலும் அதே கணக்குதான்.

மரத்துப்போகிற ஊசியை ரத்தத்தில் ஏற்றுவதா?

நான்காவது இடத்தில் ஒரு மயக்க மருத்துவரைப் பார்த்தோம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் வாரத்துக்கு ஒருநாள் வலிக்கென்று தனியாக நோயாளிகளைப் பார்க்கிறவர். அவர் செய்த முதல் காரியம், தம்பியை உட்கார வைத்து, "எப்படி வலிக்குதுன்னு உன் வார்த்தையிலயே சொல்லு" என்றது. எரிகிறதா, குடைகிறதா, ஷாக் அடிக்கிறதா, எறும்பு ஊர்கிறதா, மதமதப்பா? பஞ்சை எடுத்து மெதுவாகத் தழும்பின் மேல் தடவினார். அவன் கையை இழுத்துக்கொண்டான். "இது நரம்புக் காயத்தோட வலி. புண்ணு வலிக்குக் கொடுக்கிற மாத்திரை இதுக்குப் பெரும்பாலும் கேட்காது" என்றார். இத்தனை மாதமாக அவன் தின்ற மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை, வலிக்கு உதவாதவை என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது.

நரம்பு வலிக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் வேறு: அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை. அவற்றைத் தொடங்கினார். கொஞ்சம்தான் கேட்டது. பிறகுதான் லிக்னோகைனை டிரிப்ஸில் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிற, தையல் போடும் முன் தோலில் போடுகிற அதே மருந்து. சைலோகைன் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். நாம் பயந்தோம். மரத்துப்போக வைக்கிற மருந்தை ரத்தத்திலேயே ஏற்றினால் உடம்பு முழுக்க மரத்துவிடாதா?

அவர் விளக்கியதை நமக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம். நரம்பு சேதி அனுப்புவது சோடியம் உள்ளே பாய்வதால். அதற்கென்று நரம்பின் சுவரில் வாசல்கள் உண்டு. லிக்னோகைன் அந்த வாசல்களை அடைக்கும். தோலில் போடும்போது அந்த இடத்தில் அளவு அதிகம் என்பதால் எல்லா வாசலும் அடைந்து இடமே மரத்துவிடும். டிரிப்ஸில் மெதுவாகப் போகும்போது ரத்தத்தில் அளவு மிகக் குறைவு. நல்ல நரம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். காயம்பட்ட நரம்பு மட்டும், யாரும் தொடாமலேயே திரும்பத் திரும்பச் சேதி அடித்துக்கொண்டிருக்கிறது அல்லவா, அந்த வீண் துடிப்பு அடங்கும். கலவரம் முடிந்த பிறகும் யாரோ ஒருவர் மணியை அடித்துக்கொண்டே இருப்பதுபோல என்றார். அந்த மணியைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலை.

இது புதிதாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் தலைமுறை தலைமுறையாக மென்ற கோகா இலையிலிருந்துதான் ஐரோப்பியர்கள் கோகைனைப் பிரித்தார்கள். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் அதைக் கண் அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். அதன் ஆபத்து தெரிந்த பிறகு புரோகைன் வந்தது. 1940களிலேயே தீக்காயம் பட்டவர்களின் வலிக்குப் புரோகைனை ரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் 1943இல் லிக்னோகைனை உருவாக்கினார். அவரோடு வேலை பார்த்த பெங்க்ட் லுண்ட்குவிஸ்ட் முதலில் தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்தார். அடிமையின் உடம்பில் இல்லை, தன் உடம்பில். 1948இல் மருந்து விற்பனைக்கு வந்தது.

1948 என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கருக்குச் சர்க்கரை நோய். கால்களில் தீராத நரம்பு வலி. ராத்திரியில் தூக்கம் இல்லை. சிகிச்சைக்காகப் பம்பாய் போனபோதுதான் மருத்துவர் சாரதா கபீரைச் சந்தித்தார். 1948 ஏப்ரலில் அவரை மணந்தார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி அரசியலமைப்பு வரைவை அவையின் முன் வைத்தார். நாம் அண்ணலின் கோட்டைப் பார்த்திருக்கிறோம், கையிலுள்ள புத்தகத்தைப் பார்த்திருக்கிறோம், நீட்டிய விரலைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கால்களின் எரிச்சலைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்? "வலியோடும் அவர் உழைத்தார்" என்று புகழ்வது சுலபம். அப்படிப் புகழும்போதே "நமக்குத் தாங்கும்" என்ற பொய்யை நாமே ஏற்றுக்கொள்கிறோம். அவருக்கும் வலித்தது. அவர் மருத்துவரைத் தேடிப் போனார். அதுவும் நமக்கு வழிகாட்டல்தான்.

என்ன நடந்தது

தம்பியை ஒரு நாள் காலையில் சேர்த்தார்கள். முதலில் இதயத்தின் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத் துடிப்பில் தடை உள்ளவர்களுக்கும், கல்லீரல் மோசமாகக் கெட்டவர்களுக்கும் இதைத் தவிர்க்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். எடை பார்த்து, அதற்கேற்றபடி அளவு கணக்கிட்டார்கள். மார்பில் கம்பிகளை ஒட்டி, விரலில் கிளிப் மாட்டி, பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருக்க, ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்றினார்கள். பாதியில் நாக்கு மதமதக்கிறது என்றான். காதில் ரீங்காரம், வாயில் இரும்புச் சுவை வந்தாலும் உடனே சொல்லச் சொல்லியிருந்தார்கள். இவையெல்லாம் அளவு கூடுவதன் முதல் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், இதயமே நிற்கலாம். வேகத்தைக் குறைத்தார்கள். மதமதப்பு அடங்கியது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. இது மெடிக்கல் கடையில் வாங்கி, ஊரில் ஊசி போடுகிறவரிடம் போட்டுக்கொள்கிற விஷயம் இல்லை. தையலுக்கென்று வருகிற சில பாட்டில்களில் அட்ரினலின் கலந்திருக்கும். அதை ரத்தத்தில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. உயிர்காக்கும் கருவிகளும், விஷமானால் கொடுக்க வேண்டிய 20 சதவீதக் கொழுப்புக் கரைசலும், பயிற்சி பெற்ற கையும் பக்கத்தில் இருக்கிற இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மா அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. அன்றிரவு நமக்குப் போன் வரவில்லை. மறுநாள் காலை நாமே பயந்துபோய்ப் போன் செய்தோம். "தூங்குறான் தம்பி. எழுப்பட்டுமா?" என்றார் அம்மா. வேண்டாம் என்றோம்.

ஒன்பது நாள். பத்தாவது நாள் எரிச்சல் திரும்ப வந்தது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. இரண்டாவது தடவை ஏற்றியபோது இரண்டு வாரம் தாங்கியது. மூன்றாவது தடவை பெரிதாக எதுவும் தெரியவில்லை. ரத்தத்தில் இந்த மருந்தின் பாதி இரண்டு மணி நேரத்துக்குள் கழிந்துவிடும். அப்புறமும் சிலருக்கு நாள்கணக்கில் ஏன் கேட்கிறது என்பதற்கு மருத்துவ உலகம் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அதிசயம் நடந்தது என்று நாம் எழுத மாட்டோம். கிடைத்தது சில வாரத் தூக்கம். அந்தத் தூக்கத்தில் அவன் கைக்குப் பயிற்சி செய்ய முடிந்தது. மாத்திரை அளவைப் படிப்படியாகக் கூட்டிச் சரிசெய்ய நேரம் கிடைத்தது.

இன்னொன்றும் நடந்தது. அதுதான் நமக்கு முக்கியம். எதிர்த் தரப்பிலிருந்து சமரசம் பேச ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். பணம் தருகிறோம், சாட்சியை மாற்றிச் சொல் என்று. இத்தனை மாதமாக மிரட்டலுக்கு அசையாதவன், ஒருநாள் நம்மிடம் சொன்னான்: "அண்ணே, கையெழுத்துப் போட்டுட்டு எங்கயாவது போயித் தூங்கணும்போல இருக்கு." தோழர்களே, நம் வழக்குகளில் பிறழ் சாட்சிகள் எப்படி உருவாகிறார்கள் என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். மிரட்டல், பணம், பசி என்று பட்டியல் போடுகிறோம். தூங்காத ராத்திரிகளை அந்தப் பட்டியலில் நாம் சேர்த்ததே இல்லை. இரண்டாவது டிரிப்ஸ் முடிந்த வாரத்தில் குறுக்கு விசாரணை வந்தது. ஒரு நாள் முழுக்கக் கூண்டில் நின்றான். அரிவாளை ஓங்கியது யார் என்று கையை நீட்டிக் காட்டினான், அதே கையை. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

நமக்குள் எழும் கேள்விகள்

இந்தக் கதையை ஒரு கூட்டத்தில் சொன்னபோது தோழர்கள் சிலர் கேட்டார்கள்: வலிக்குக் காரணம் சாதி. சாதியை எதிர்க்காமல் மருந்தைப் பேசுவது திசைதிருப்பல் இல்லையா? நம் பதில் நேரடியானது. வெட்டுப்பட்டவருக்குத் தையல் போடும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. தையல் போடாமல் புரட்சி வரட்டும் என்று காத்திருக்கச் சொல்வதில்லை. வலி என்றவுடன் மட்டும் ஏன் கேட்கிறோம்? நம்மையறியாமல் நாமும் வலியை ஒரு பலவீனமாக நினைக்கிறோம். போராளி என்றால் தாங்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

இரண்டாவது கேள்வி மருத்துவ மாணவத் தோழர் ஒருவருடையது: "இதுக்கு ஆதாரம் பலமா இல்லையே?" நியாயமான கேள்வி. 2005இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, நரம்பு வலிக்கு இது வெறும் உப்புநீரைவிட நன்றாகக் கேட்கிறது என்று சொன்னது. ஆனால் கிடைத்த கூடுதல் நன்மை நூறு புள்ளி அளவுகோலில் ஏறக்குறைய பதினொரு புள்ளிதான். அதுவும் பெரும்பாலும் ஏற்றிய சில மணி நேரத்துக்குள் அளந்தது. 2019இல் கனடாவில் வந்த ஓர் ஆய்வில், வாரங்கள் கழித்துப் பார்த்தபோது ஒப்பீட்டு மருந்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2021இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கு இதைத் தொடங்க வேண்டாம் என்று வழிகாட்டியது. ஒரு குறிப்பிட்ட வலி நோய்க்கு மட்டும் ஆய்வின் பகுதியாகக் கொடுக்கலாம் என்றது.

இதையெல்லாம் மறைக்காமல் சொல்வது நம் கடமை. சொல்லாவிட்டால், "ஒரே டிரிப்ஸில் வலி பறந்துவிடும்" என்று விளம்பரம் போட்டு ஆயிரக்கணக்கில் வாங்குகிற தனியார் கிளினிக்குகளுக்கு நாம் ஆள்பிடித்துக் கொடுத்தவர்கள் ஆவோம். நிலத்தை அடகு வைத்து இந்த டிரிப்ஸை ஏற்றிக்கொள்ளாதீர்கள். மற்ற மருந்துகளை முறையாகக் கொடுத்துப் பார்த்து, அவை போதாதபோது, அரசு மருத்துவமனையில், தெரிந்த கையால் முயன்று பார்க்க வேண்டிய ஒன்று இது. கேட்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

ஆதாரம் குறைவு என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. லிக்னோகைன் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மலிவான பழைய மருந்தை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தி எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. ஆகவே பொதுப்பணத்தில், நம் மருத்துவக் கல்லூரிகளில் அந்த ஆய்வு நடக்க வேண்டும். அரிவாள் வெட்டில் நரம்பறுந்தவர்கள், பட்டாசு ஆலைத் தீயில் வெந்தவர்கள், எந்திரத்தில் விரல் போனவர்கள், தொழுநோயில் நரம்பு கெட்டவர்கள், சர்க்கரையில் கால் எரிகிறவர்கள் எல்லாரும் அந்த ஆய்வில் இருக்க வேண்டும். சோதனை எலிகளாக அல்ல. அவர்களுடைய மொழியில் விளக்கி, மனமார்ந்த ஒப்புதல் வாங்கி, வேண்டாம் என்றால் விலகும் உரிமையோடு. அனார்காவிடம் யாரும் கேட்கவில்லை. நம்மிடம் கேட்டாக வேண்டும்.

மருந்து மலிவு, மற்றதெல்லாம் விலை

தம்பிக்கு ஏற்றிய மருந்தின் விலை ஒரு ஆள் பேருந்தில் போய்வரும் செலவுக்குக் கீழே. ஆனால் அவனும் அம்மாவும் மூன்று தடவை வந்துபோன கணக்கு வேறு. விடியற்காலைப் பேருந்து, சாப்பாடு, அம்மாவுக்குப் போன நாள் கூலி. இதய ஓட்டத்தைக் காட்டும் கருவியோடு ஒரு படுக்கை வேண்டும். ஒரு மயக்க மருத்துவரின் ஒரு மணி நேரம் வேண்டும். அறுவை அரங்குக்கே ஆள் போதாத மருத்துவமனைகளில் அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்காத பொருள். விலை மருந்தில் இல்லை. நம் வலிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாமா என்ற கேள்வியில் இருக்கிறது.

சட்டத்தில் நமக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 11ஆவது விதி, பாதிக்கப்பட்டவருக்குப் பயணப்படி, தினப்படி, மருந்துச் செலவு, சிறப்பு மருத்துவ ஆலோசனைச் செலவு ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் தர வேண்டும் என்கிறது. வலிச் சிகிச்சையும் மருத்துவம்தான். ரசீதையும் பேருந்துச் சீட்டையும் பத்திரப்படுத்தி, மனு எழுதிக் கேளுங்கள். நாம் தம்பிக்காக எழுதிக்கொடுத்தோம். அலைந்தோம். கொஞ்சம் வந்தது.

சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. 2016இல் திருத்திய விதிகளின்படி, முழு ஊனத்துக்கு 8,25,000 ரூபாய், ஐம்பது சதவீதத்துக்கு மேல் என்றால் 4,50,000, அதற்குக் கீழே என்றால் 2,50,000. சதவீதத்தை மருத்துவக் குழு சொல்ல வேண்டும். குழு என்ன பார்க்கும்? விரல் மடங்குகிறதா, பிடிக்க முடிகிறதா, உணர்ச்சி இருக்கிறதா. தம்பியின் கையை மடக்கிப் பார்த்து, "அசையுதே" என்று ஐம்பதுக்குக் கீழே போட்டார்கள். அசைக்கும்போது அவன் கண்ணில் வந்த தண்ணீருக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட வலி அதில் தனி வகையாக இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் தனி நோயாகவே எண் கொடுத்துப் பதிந்திருக்கிறது. நம் சட்டம் அதைக் காணவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வாரம் ஒருநாளாவது வலிச் சிகிச்சைப் பிரிவு. வன்கொடுமையில் காயமடைந்த ஒவ்வொருவருக்கும் மூன்று மாதம் கழித்துக் கட்டாய வலிப் பரிசோதனை. ஊனச் சதவீதத்தைக் கணக்கிடும்போது வலிக்கும் இடம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையும் பிசியோதெரபியும் நம் தெருவரை வருகின்றன. நல்லது. அதே பட்டியலில் நரம்பு வலியைக் கண்டுபிடிக்கும் நான்கு கேள்விகளையும் சேர்க்கட்டும். மருத்துவக் கல்லூரிகளில் வலியைப் பாடமாக நடத்தும்போது, "யார் வலியை நாம் நம்புவதில்லை" என்பதையும் நடத்தட்டும்.

மாணவத் தோழர்களுக்கு

இவை வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை உண்மை அறியும் குழுவில் போகும்போது, படிவத்தின் கீழே கையால் ஒரு கோடு போட்டு, வலி என்று எழுதுங்கள். எங்கே, எப்போதிருந்து, எந்த வார்த்தையில். எரிச்சல் என்றால் எரிச்சல் என்றே எழுதுங்கள், குடைச்சல் என்றால் குடைச்சல் என்றே. "உடல் வலி" என்று சுருக்காதீர்கள். அந்த வார்த்தை வித்தியாசத்தில்தான் எந்த மருந்து என்பது இருக்கிறது. ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். நாம் பெரும்பாலும் திரும்பப் போவதில்லை. அதையும் ஒப்புக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று. மூன்றாவது தடவை தம்பிக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா கேட்டார்: "தம்பி, இந்த மருந்து எனக்குப் போடுவாங்களா? முட்டி ரெண்டும் பத்து வருசமா வலிக்குது." ஒரு வருடத்துக்கும் மேலாக அவரோடு போனில் பேசுகிறோம். ஒருநாளும் அவர் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. மயக்க மருத்துவர் அவரையும் உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். அது மூட்டுத் தேய்மானம். இந்த மருந்து அதற்கானது இல்லை. தொடைத் தசைக்குப் பயிற்சியும், வேறு வைத்தியமும், முக்கியமாகக் குனிந்து நிற்காத வேலையும் வேண்டும் என்றார். கடைசியில் சொன்னது எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. அதற்குத்தான் நாம் நிலம் கேட்கிறோம், கூலி கேட்கிறோம், படிப்பு கேட்கிறோம்.

வெளியே வந்த அம்மா நம்மிடம் சொன்னார்: "மருந்து இல்லாட்டியும் போகுது தம்பி. மொத தடவையா ஒருத்தரு முழுசாக் கேட்டாரு."

ஜெய் பீம்.